தாய் கவனிக்கவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஒன்பது தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இங்கே வந்த உன் வீட்டுக்காரர் இன்று ஊர் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாப்பா பிறந்து மூன்று வாரமாகியும் பிறந்தபோது இருந்த எடைக்கே திரும்பவில்லையாம். நர்ஸ் எழுதிக் கொடுத்த பால் பவுடரை நீ அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். கேட்டால், “மனசு வெச்சா பால் தானா வரும்னு அக்காவே சொல்லியிருக்கா” என்கிறாயாம். தலையில் அடித்துக்கொண்டேன். நான் சொன்ன எத்தனையோ நல்லதை நீ காதில் வாங்கியதே இல்லை. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பராமரிப்பது. போன வாரம் விடிகாலையில் ஓர் எலி ஏழு குட்டி போட்டது. பால் குடித்த குட்டிக்கு மெல்லிய தோல் வழியே வயிற்றில் வெள்ளை தெரியும். ஏழில் ஒன்றுக்கும் தெரியவில்லை. கூண்டு அட்டையில் ‘தாய் கவனிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம் அந்த அட்டையோடு வந்து நின்றார். “கவனிக்கலன்னு எழுதியிருக்கீங்களே, உட்கார்ந்து பார்த்தீங்களா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். கூடு கட்டி, ஏழையும் அணைத்துக்கொண்டு, ஒன்று விலகினாலும் வாயால் கவ்வி இழுத்துச் சேர்த்துக்கொண்டு கிடந்தது. பாலும் ஊறியிருந்தது. அதை வெளியே தள்ளும் ஹார்மோனுக்கான மரபணு மட்டும் அந்த எலிக்கு வேலை செய்யாதாம். குட்டிகள் சப்பிக்கொண்டே பட்டினி கிடந்திருக்கின்றன. வேறொரு தாயிடம் விட்டோம், மதியத்துக்குள் வயிறு வெளுத்துவிட்டது.

உனக்கும் அதே குறைதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, நீ எலியும் இல்லை. பால் குறைய எத்தனையோ காரணம் உண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் பாசம் குறைந்து உனக்குப் பால் குறையவில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் தாராளமாக இருந்தது. அதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை, பிறப்பிலேயே அமைந்தது. அந்தத் திமிரில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

என்னிடம் பேச வெட்கமாக இருக்கிறது என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னாயாம். வெட்கப்பட வேண்டியவள் நான். வேண்டுமானால் வருஷக்கணக்கில் என்னோடு பேசாமல் இரு, பொறுத்துக்கொள்கிறேன். இப்போது மட்டும் எழுந்து போய் அந்த அலமாரியைத் திற.

பாப்பா வயிறு நிறைந்து தூங்கட்டும். நீயும் கொஞ்சம் தூங்கு, கண்ணு.

உன் அக்கா