எட்டாம் நம்பர் மலையும் நான் போட்ட நூற்று எண்பத்து மூன்று வோட்டும்

தெமோதரை
ஞாயிறு மாலை

அன்பு மகன் துஷாந்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தங்கச்சி ஆர்த்திகாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தைத்தான் மூன்று கிழமையாக நாங்களே ஊகித்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் நான் என்ன கேட்டாலும் நீ அந்தப் பெருவிரல் படம் ஒன்றைத்தான் அனுப்புகிறாய். அதற்கு முந்தி மழைக்கு வீடு ஒழுகினதா என்று கேட்டு எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் முதலில் சொல்லிவிடுகிறேன், அப்பா நம் லயத்து வரிசைவீட்டுக் கூரையில் இரண்டு தகரம் மாற்றிவிட்டார், இப்போது அடுப்படியில் மட்டும் ஒரு சொட்டு, அதற்குச் சட்டி வைத்திருக்கிறேன். தோட்டத்து லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது, காய்கறிக்குப் பேர்போன வெலிமடைக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்த்திகா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கிற நேரத்தைவிடப் புத்தகத்துக்கு உறை போடுகிற நேரம் கூட. இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினால் நீ அதற்கும் தாளம் போட்டுவிடுவாய் என்று பயந்துதான் பேனையை எடுத்தேன்.

உன் பாட்டை நான் முதலில் கேட்ட நாளை நீ மறந்திருக்க மாட்டாய். தோஹாவில் அந்த ஹோட்டல் லாண்டரியில் வேலை முடிந்து வந்து, ஆறு பேர் படுக்கிற அறையில் கம்பளியைச் சுற்றிக் கட்டி அதற்குள் உட்கார்ந்து போனில் பாடினேன் என்றும், துணி துவைக்கிற மெஷின் சத்தத்தைத்தான் தாளமாக வைத்தோம் என்றும், உன் சிநேகிதன் றுஷ்தி அதைக் கொழும்பில் கம்ப்யூட்டரில் போட்டுச் செதுக்கினான் என்றும் சொன்னாய். எல்லாம் சொன்னாய், ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எட்டாம் நம்பர் மலை என்று பெயர் வைத்திருக்கிறானே, நாம் தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையாயிற்றே என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், நடுவில் என் குரல். "சாப்புட்டியாடா, பதில் சொல்லுடா." அதுவும் ஒரு தடவையா, பதினோரு தடவை, ஆர்த்திகா எண்ணிச் சொன்னாள். அன்றைக்குக் கூடையும் தலையுமாக மலையில் நின்று கோபத்தில் உனக்கு அனுப்பினதை நீ இப்படி உலகத்துக்குப் போட்டுக் காட்டுவாய் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் நல்ல வார்த்தையாவது பேசியிருப்பேன். பின்னால் சிரிக்கிறது ரெங்கம்மா அக்கா. அவளுக்கு அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை, "பாட்டுல நானும் இருக்கேன்ல, சிரிப்பு என்னுது" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாம் சொல்லித் திரிகிறாள்.

அப்பா முதல் நாள் கோபித்துக்கொண்டார், "நம்ம வீட்டு ஏச்ச ஊருக்கே போட்டுட்டானே" என்று. மூன்றாம் நாள் பார்த்தால் அவருடைய போனில் ரிங்டோன் அதுதான். யாராவது கூப்பிட்டால் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார், கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்துவிடுவார். பதுளை பஸ்ஸிலும் போடுகிறார்கள். டிரைவர் மாத்தயாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, யாரோ அர்த்தம் சொல்லிக்கொடுத்து, அந்தக் குரல் இந்த அம்மாதான் என்றும் காட்டிக்கொடுத்துவிட்டார்கள், இப்போது நான் ஏறினாலே "அம்மே, கேவத?" என்று நான் சாப்பிட்டேனா என்று சிங்களத்தில் விசாரிக்கிறார். இருபத்தாறு வருடம் அந்த பஸ்ஸில் போய் வருகிறேன், ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை தாங்கவில்லை தம்பி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது கூட முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் பெருமைதான் என்னை இதைச் செய்ய வைத்தது.

ஞாயிறுதோறும் மத்தியானம் ரேடியோவில் பத்துப் பாட்டு வரிசைப்படுத்துகிறார்களே, அதில் முதல் கிழமை பத்தாவதாக வந்தோம், அடுத்த கிழமை ஏழு, அதற்கடுத்தது நான்கு. இன்னும் கொஞ்சம் எஸ்.எம்.எஸ். போனால் முதலாவது வந்துவிடும் என்று ஆர்த்திகா சொன்னாள். நம் லயங்களில் எத்தனை பேருக்கு வோட்டுப் போட ஆசை, ஆனால் பாதிப் பேரிடம் போன் இல்லை, இருக்கிறவர்களுக்கு எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்தாலும் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனால்தான் சிக்னல். மலையில் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் கொழுந்து குறைந்துபோனால் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும்தானே, நிறுக்கப் போகுமுன் ஆளுக்கு ஒரு பிடி அவள் சாக்கில் போடுவோம், இல்லாவிட்டால் அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். யார் போட்ட பிடி எது என்று தராசு கேட்பதில்லை. நீ என் வயிற்றில் இருந்த கடைசி இரண்டு மாதம் என் சாக்கு அப்படித்தான் நிறைந்தது. வோட்டும் அதே மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன். சனிக்கிழமை நான்கு லயத்துக்கும் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டு, சரி என்று சொன்னவர்கள் பெயரை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு, தண்ணீர்த் தாங்கிமேல் உட்கார்ந்து என் போனிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பினேன். பாட்டுப் பெயர், வோட்டுப் போடுகிறவர் பெயர். நூற்று எண்பத்து மூன்று. ரெங்கம்மா அக்கா தனக்கு இரண்டு போடச் சொன்னாள், அது கள்ள வோட்டு என்று நான் ஏசி ஒன்றுதான் போட்டேன். அவ்வளவு நேர்மையாக இருந்தேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு இறங்கினேன்.

ஆமாம் துஷாந்த், அது நான்தான். றுஷ்தி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் இருபது பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், பத்திலிருந்து ஒன்று வரை வந்தது, நம் பாட்டு வரவில்லை. ஒரே நம்பரிலிருந்து குவியலாக வோட்டு வந்ததால் ஒரு பாட்டை நீக்கிவிட்டோம், கலைஞர்கள் நாணயமாக நடக்க வேண்டும் என்று அறிவிப்பாளர் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன், அன்றைக்கு வீட்டில் பாலே வாங்கவில்லை. பிறகு இன்டர்நெட்டில் உன்னைக் கள்ளன் என்று எழுதினார்கள், ஆர்த்திகா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். நீ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயே, இது றுஷ்தியின் வேலை, பாட்டை எப்படியாவது மேலே தள்ளுகிறேன் என்று சொன்னவன் அவன்தான், அவனோடு எல்லாம் முடிந்தது, பாதியில் இருக்கிற அடுத்த பாட்டும் வேண்டாம், ரேடியோ ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிட்டேன் என்று. அதை வாசித்த அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரே கேட்கிற குரல் என்னுடையது, என் பிள்ளைக்கு ஒரு உண்மை சொல்ல அந்தக் குரல் வரவில்லை. சொன்னால் உன் பாட்டைக் கெடுத்தவள் நான் என்று நினைத்து நீ பேசாமல் போய்விடுவாய் என்று பயந்தேன். நீ எப்படியும் பேசாமல்தான் போனாய்.

போன புதன்கிழமை பௌர்ணமிப் போயா லீவுக்கு றுஷ்தி பதுளையில் தன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அப்பாவிடம் கூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். அவனுடைய உம்மா வெளியே போயிருந்தார், பிள்ளை மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான், கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொங்கியது. நான் வாயைத் திறக்குமுன்னே எழுந்து கதிரை போட்டான். தம்பி அந்த வோட்டு என்று நான் தொடங்கினேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஒங்க நம்பர்னு மொத நாளே எனக்குத் தெரியும் அம்மா, ரேடியோக்காரங்க காட்டினாங்க, நான் எப்பிடி அவன்கிட்ட சொல்ற" என்றான். நான் உனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அவன்தானே வெட்டி ஒட்டினான், என் நம்பர் அவனுக்கு மனப்பாடம். ரேடியோக்காரர்களிடம் தன் தவறு என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறான். நீ ஏசி அனுப்பினதை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு அம்மாவை மகனிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். நீ என்னென்ன எழுதினாய் என்று அவன் காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அழுதேன் தம்பி, வெட்கமில்லாமல் அழுதேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரேடியோவுக்கு இப்போதே போன் போடு என்றேன். வேண்டாம் அம்மா விடுங்க என்றான், விடவில்லை. அறிவிப்பாளரே பேசினார். மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் நம்பவில்லை, "அம்மா, இப்பிடி நிறையப் பேர் எடுத்துச் சொல்லுறாங்க" என்றார். அந்தப் பாட்டில் பேசுகிறவளே நான்தான் ஐயா என்றேன். அப்படியென்றால் ஒருதடவை சொல்லிக்காட்டுங்கள் பார்ப்போம் என்று சிரித்தார். எனக்கு வரவில்லை. வெறுங்காற்றைப் பார்த்து அதை எப்படிக் கேட்பது. அப்போதுதான் பக்கத்தில் நின்ற றுஷ்தியைப் பார்த்தேன், மத்தியானம் இரண்டு மணி, மேசையில் ஒரு வெறும் பிளேன்டீக் கோப்பை, அந்த ஒட்டின கன்னம். அவனைப் பார்த்து என்னையறியாமல் கேட்டேன், "சாப்புட்டியாடா, பதில் சொல்லுடா" என்று. பிறகு அந்த அறிவிப்பாளர் மெல்லிய குரலில், "நீங்கதான் அம்மா" என்றார்.

நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன், ஒரு பிடி கொழுந்துக் கதையையும் சொன்னேன். ஒரு நம்பருக்கு ஒரு வோட்டுத்தான் என்பது சட்டம், அதை மாற்ற முடியாது, ஆனால் பிள்ளைகள் மேல் தப்பில்லை என்று நானே ரேடியோவில் சொல்லுகிறேன், பாட்டையும் இன்றிலிருந்து மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார். இன்றைக்கு மத்தியானம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எட்டாம் நம்பர் மலைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவது இடம் என்று சொல்லிப் பாட்டைப் போட்டார். நான்கே நாளில் ஒன்பது! இந்தத் தடவை அவரவர் போனில், அவரவர் கையால். ரெங்கம்மா அக்கா மருமகனுடைய போனைப் பிடுங்கிக்கொண்டு தாங்கிமேல் ஏறினாள். போன் இல்லாதவர்களுக்கு வோட்டு இல்லை என்று நானே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு மனவருத்தம்தான், ஆனாலும் வாசலில் உட்கார்ந்து கைதட்டினார்கள். இதற்குள் யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம், றுஷ்தியையும் ஆர்த்திகாவையும் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான், இதை என்னிடமிருந்துதான் நீ அறிய வேண்டும் என்று.

என்னை ஏச வேண்டும் என்றால் தாராளமாக ஏசு, உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் வாய்ஸில் ஏசு, நானும் ஆர்த்திகாவும் அதற்கு ஒரு தாளம் போட்டு ரேடியோவுக்கு அனுப்புகிறோம். றுஷ்தியிடம் மட்டும் நீ முதலில் பேச வேண்டும், என்னிடம் பேசுவதற்கு முன்னால். அடுத்த பாட்டில் நீ பாட வேண்டிய பகுதியைக் காலியாக விட்டு மற்றதையெல்லாம் முடித்து வைத்திருக்கிறான், எனக்குப் போட்டுக் காட்டினான், நீ இல்லாத இடத்தில் மெஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது எட்டாகும், எட்டு ஒன்றாகும், ஆகாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. றுஷ்தி மாதிரி ஒரு பிள்ளையை இழந்துவிட்டு முதலாவது வந்து என்ன செய்ய.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவன் டவுனில் போன் கடை வைத்திருக்கிற றில்வான், செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குப் பறக்கிறான், மிளகாய்த்தூள் ஒரு போத்தலும் நெத்தலிக் கருவாடும் நம் தோட்டத்துத் தேயிலையும் கொடுத்திருக்கிறேன், போத்தலின் மூடியை நான் ஒட்டித்தான் அனுப்புகிறேன், பிரித்திருந்தால் என்னிடம் சொல்லு. நீராவியில் நின்று வேலை செய்துவிட்டு உடனே ஏ.சி. அறைக்குள் போகாதே. இரவுச் சாப்பாட்டுக்குப் பாணைக் கடித்துவிட்டுப் படுக்காதே. முருகன் உனக்கும், அந்த றுஷ்தி பிள்ளைக்கு அவனுடைய ஆண்டவனும், நல்ல குரலையும் நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும். அப்பா தன் ஆசியையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
விஜயலெட்சுமி கணபதி

பின்குறிப்பு: அன்றைக்கு அந்தக் கேள்விக்கு றுஷ்தி உடனே பதில் சொன்னான், "இல்ல அம்மா" என்று. போனை வைத்துவிட்டு அவர்கள் குசினியிலேயே சோறாக்கி, பக்கத்தில் உட்கார்ந்து அவனைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். உன்னைத்தான் நாடே கேட்கும்படி பதினோரு தடவை கேட்டிருக்கிறேன், நீ இன்னும் பதில் சொல்லவில்லை.