பாலத்தில் தொங்கிய டிக்கெட் பரிசோதகர்

உங்களுக்கு,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து அந்த வாசம் போகவில்லை. காய்ந்த வேப்பிலை, பழைய அச்சுத்தாள், கொஞ்சம் பாச்சை உருண்டை. நீங்கள் டெப்போவிலிருந்து வந்து பீரோவைத் திறந்ததும் வீடு முழுக்கப் பரவுமே, அதே வாசம். முப்பது வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் திட்டியவள், இன்று காலையிலிருந்து உள்ளங்கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் காமிக்ஸ் எல்லாம் போய்விட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, தேஹு ரோடு வீட்டு ஹாலில் வைத்தே விற்றுவிட்டோம். கோபப்படாதீர்கள். அடுத்த வாரம் நான் புனேயின் அந்தக் கோடியில் இருக்கிற கராடிக்கு, நம் பெண் கலாவின் பிளாட்டுக்குப் போகிறேன். இரண்டு பீரோ, ஆறு தகரப் பெட்டி, பரண் நிறைய மூட்டை. இவ்வளவும் அங்கே பால்கனியில்கூட அடங்காது. நீங்கள் கண்ணை மூடிய இந்த மூன்று வருஷமாய் ஒருவரையும் தொட விடாமல் வைத்திருந்தேன். ஆனால் விற்றதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்த டிக்கெட் பரிசோதகர் என்ன ஆனார் என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எந்தப் பரிசோதகர் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. அது உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்பீர்கள்.

நமக்குக் கல்யாணமான புதிது. குக்கருக்கு வளையம் வாங்கப் போன மனுஷன் வளையத்தை மறந்துவிட்டு, வேலூரிலிருந்து பார்சலில் வந்த காமிக்ஸ் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பின்னாலேயே உங்கள் டெப்போ சிநேகிதர்கள் நாலு பேர். எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்: “இந்தக் குப்பையை நான் தொட்டா என் பேரை மாத்திக்கிறேன்.” நீங்கள் சிரித்துக்கொண்டே, “பேரு நல்லாத்தானே இருக்கு, அப்படியே இருக்கட்டும்” என்றீர்கள். சபதம் போட்டாயிற்று. அதற்கப்புறம் எப்படி இறங்கி வருவது?

நீங்களோ எதிலும் இரண்டு பிரதி வாங்குகிற ஆள். “படிக்க ஒண்ணு, வைக்க ஒண்ணு.” படிக்கிற பிரதி டெப்போ முழுக்கச் சுற்றி, காது மடங்கித் திரும்பி வரும். வைக்கிற பிரதிக்குக் கண்ணாடிக் கவர், உள்ளே ஒரு வேப்பிலை, மேலே ஒரு நம்பர். அதை யாரும் பிரிக்கவே கூடாது. டெப்போவில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஸ்டாக் புத்தகம் எழுதுகிற கை, வீட்டில் காமிக்ஸுக்கும் ஒரு ஸ்டாக் புத்தகம் எழுதியது. எது நல்ல நிலை, எது கிழிசல் என்று. அந்த நீல அட்டைப் புத்தகத்தை நான் திறந்ததே இல்லை. டெப்போ வேலையை வீட்டிலும் செய்கிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

ஆனால் பீரோவைத் திறந்தேன். என் புடவைகளும் அதில்தானே இருந்தன. ஒரு மழைக்கால மத்தியானம், கரண்ட் இல்லை, கலா தூங்குகிறாள், புடவை எடுக்கப் போனவள் ஒரு கவரைப் பிரித்தேன். நின்றபடியே படித்தேன். குக்கர் ஏழு விசில் விட்டு, சாதம் குழைந்து கஞ்சியாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நீங்கள் அதையே ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டு முடித்தீர்கள். படிக்கிற பிரதியைத் தொட்டால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வைக்கிற பிரதியை யாரும் பிரிக்கப்போவதில்லை, அதுதான் பத்திரம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பாருங்கள். அப்படியே வருஷக்கணக்கில் உங்கள் ‘தொடாத’ பிரதிகளை எல்லாம் தொட்டு முடித்தேன். சாயங்காலம் நீங்கள் வந்ததும், “இந்தக் குப்பைக்கு எப்பதான் விடிவுகாலம்?” என்று பழைய பல்லவியைப் பாடுவேன்.

அப்போதுதான் அந்த ரயில் கதை வந்தது. பனியில் மாட்டிக்கொண்ட ரயில், அதில் காணாமல் போன வயலின், ஒற்றைக்கண் டிக்கெட் பரிசோதகர். மூன்று பாகம். இரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் பரிசோதகர் பாலத்திலிருந்து ஒரு கையால் தொங்குகிறார். மேலே கறுப்புக் கையுறை போட்ட பெண் குனிகிறாள். தூக்கவா, தள்ளவா? தெரியாது. மூன்றாம் பாகம் வரவே இல்லை.

நினைவிருக்கிறதா, ஒருநாள் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: “மூணாவது பாகம் போட மாட்டாங்களாம். கம்பெனியே மூடிட்டாங்க.” “அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் தோசையைத் தீய்த்தேன். பத்தொன்பது வருஷம் ஒரு மனுஷன் பாலத்தில் தொங்கினான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சபதம்.

நேற்றைக்கு வருகிறேன். கலா போனில் காமிக்ஸ் பிரியர்கள் குழுவுக்குச் சொல்லி எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் தலை நரைத்த, இல்லையென்றால் நரைக்கப்போகிற ஆம்பிளைகள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பெரிய மனிதர்கள். பெட்டியைத் திறந்ததும் தரையில் சம்மணம் போட்டுப் பிடுங்கிக்கொள்கிறார்கள். “போண்டாவைத் தின்ன கையோட தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற” என்று நான் அதட்ட, வரிசையில் நின்று கை கழுவினார்கள். கலா கல்யாணத்துக்கு அப்புறம் நம் வீட்டில் இவ்வளவு சத்தம் நேற்றுதான்.

கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார். “ஏனுங்கம்மா, இதெல்லாம் பிரிக்காத பிரதிங்களா?”

“பிரிக்காததுதாம்பா” என்றேன் கூசாமல்.

அவர் பிரித்தார். முப்பத்திரண்டாம் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் தடம். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். “மேல நம்பர் போட்டிருக்குங்களே, லிஸ்ட்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாமுங்களா?” கலா நீல அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார்:

“பக்கம் முப்பத்திரண்டு, மஞ்சள் விரல். வீட்டில் படிக்கிறாள். கண்டுகொள்ள வேண்டாம்.”

அடுத்தது: “பக்கம் பதினொன்று, ஒரு கடுகு. எடுக்கவில்லை, இருக்கட்டும்.”

கலா வாயைப் பொத்திக்கொண்டு, “அம்மா, நீயா?” என்றாள். ஹாலே சிரித்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே பக்கம் பக்கமாகத் தள்ளி ரயில் கதைக்கு வந்தார். அங்கே சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகப் படித்தார். “மூன்றாம் பாகம்: கம்பெனி மூடுமுன் கொஞ்சம் பிரதி அச்சடித்தார்களாம். சென்னையில் இல்லை. வேலூரில் இல்லை. சேலத்தில் இல்லை. அவள் கேட்க மாட்டாள். தேடணும்.” அதற்குக் கீழே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நடுங்கிய உங்கள் கையெழுத்தில், “இன்னும் தேடணும்.”

சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று ஒவ்வொரு லீவிலும் தூசியும் தும்மலுமாய்த் திரும்பி வந்தீர்களே, இதற்குத்தானா? எட்டு ஆம்பிளைகள் முன்னால் அழுதுவிட்டேன். அழுதபடியே கேட்டேன்: “யாராவது சொல்லுங்கப்பா, அந்த ஆள் விழுந்தானா இல்லையா?”

கோர்படி ரயில்வே காலனிக்காரர் ஒருவர் அதுவரை படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனே. தமிழ் பேசுவார், படிக்க வராது. அவர் எழுந்தார். “ருக்கோ அக்கா, இருங்க. இந்த ஸ்டோரி நான் ஹிந்தில படிச்சிருக்கேன். மூணு பார்ட்டும் நம்ம கேம்ப் பக்கம் ரத்திக் கடையிலதான் வாங்கினேன்.”

கேட்டீர்களா? ஒரு பஸ் ஏறினால் போகிற தூரத்தில், பழைய பேப்பர் கடையில் இருந்திருக்கிறது. காய்கறிக்காரியிடம் மராத்தியில் பேரம் பேசுகிறோம், வீட்டு ஓனரிடம் ஹிந்தியில் சண்டை போடுகிறோம், காமிக்ஸ் மட்டும் தமிழில்தான் இருக்கும் என்று நீங்கள் ஊர் ஊராய் ரயில் ஏறியிருக்கிறீர்கள். நான் சிரித்த சிரிப்பில் புரையேறி கலா தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் இரண்டு பாகத்தையும் அவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை ஹிந்திப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன்.

சாயங்காலத்துக்குள் வீடு காலியாகிவிட்டது. மஞ்சள் விரல் பிரதிக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் புத்தகத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. அது என் தலைமாட்டில் இருக்கிறது.

சரி, முடிவைக் கேளுங்கள். கோர்படிக்காரர் சொன்னபடியே சொல்கிறேன்: “அந்த லேடி கையைப் புடிச்சு மேல இழுத்துட்டா அக்கா. அவ சோர் இல்ல. எஞ்சின் டிரைவர்தான் வயலினைத் திருடின சோர்.” நாம் இரண்டு பேரும் அவள்மேல்தான் சந்தேகப்பட்டிருப்போம், நான் பட்டேன். அப்புறம் இருவரும் பனியில் உட்கார்ந்து ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறார்களாம். கதை அவ்வளவுதான்.

நீங்கள் எதிரில் இருந்திருந்தால் இதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன். இப்போது உங்களைப் பார்த்தே சொல்கிறேன். குப்பை என்று சொன்னதெல்லாம் பொய். ஒன்று விடாமல் படித்தேன். எல்லாமே ரொம்ப நன்றாக இருந்தது.