ஊட்டும் கை

ஜூன் 3, செவ்வாய்
அன்னூரிலிருந்து லோகப்பிரியா பேசினாள். இன்று தக்காளிச் சோறாம், ஒரு பருக்கை சிந்தவில்லையாம். ஸ்கூட்டர் விபத்தில் கழுத்துக்குக் கீழே அசைவு போன பெண். மோவாயால் பட்டனை அழுத்தினால் எங்கள் ரோபோ கை அவளுக்கு ஊட்டுகிறது. சோதனைக்குக் கொடுத்த ஒரே கை. அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் நான் எழுதியது.

சாயங்காலம் மேனேஜர் பிரவின்குமார் கூப்பிட்டார். இனிமேல் தொழிற்சாலைக் கைகள் மட்டும்தானாம்.

ஜூன் 5
அன்னூர்க் கையை இனி இயங்காதபடி பூட்டச் சொல்கிறார். "சர்வீஸுக்கு ஆளில்லாம ஓடி, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆனா யாருங்க பதில் சொல்றது?"

தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எத்தனை வருசத்துக்குங்க, இல்மா?"

ஜூன் 9
கையைப் பூட்டும் புரோகிராமை எழுதிவிட்டேன். சில வரிகள்தான்.

ஜூன் 12
அன்னூர் போனேன். லோகப்பிரியாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"அக்கா, மறந்துட்ட மாதிரி இப்படியே உட்டுப்போட முடியாதுங்களா?"

முடியும். ஆனாலும் லேப்டாப்பை இணைத்தேன். கை ஒருமுறை அதிர்ந்து நின்றது. கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அவள் அம்மா ராசாத்தாள் எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன் — எப்படிக் குடித்தேன்?

ஜூன் 13
லீவு. போத்தனூர் வீட்டில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 21
புதிய வெல்டிங் கை பிசிறில்லாமல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
மனசு கேட்கவில்லை. அன்னூர் போனேன். லோகப்பிரியாவின் கன்னம் ஒட்டிக் கிடந்தது. ராசாத்தாள் தட்டை என்னிடம் நீட்டினார். "தோட்டத்துல தண்ணி பாயுதுங்க, மடை மாத்திப்போட்டு வாரேன். கொஞ்சம் ஊட்டறீங்களா, அம்மணி?"

முதல் கரண்டியே பல்லில் இடித்துவிட்டது.

"மெதுவாங்கக்கா. அந்தக் கை உங்களவிட நல்லா ஊட்டுமுங்க." சிரித்தாள். பாதித் தட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பசிக்கலையா?"

"நான் மென்னு முடிக்கற வரைக்கும் அம்மாவுக்குத் தோட்டத்து வேலையெல்லாம் கெடக்குதுங்க. பாதியோட நிறுத்திப் பழகிட்டேன். பூராவும் சாப்பிட்டேன்னு சொல்லீருங்க, சரிங்களா?"

கெஞ்சிப் பார்த்தேன். வாயைத் திறக்கவே இல்லை. மீதியைக் கோழிகளுக்குப் போட்டேன்.

ராசாத்தாள் ஈரக்காலோடு வந்து காலித் தட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நீங்க ஊட்டுனா நல்லாச் சாப்புடறாளுங்க. அடிக்கடி வாங்க, கண்ணு."

"வர்றேங்கம்மா" என்றேன்.