எதிராளியின் நியாயம்

மாதா துணை

சாந்தோம் குப்பம்,
12-3-1934

என் வீட்டுக்காரருக்கு அருளம்மாள் எழுதிக்கொண்டது. நானும் பாப்பாவும் சுகம். ரங்கூனில் காய்ச்சலாமே, வெந்நீரே குடியுங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே என்று போன கடிதத்தில் கண்டித்திருந்தீர்கள். இந்தக் கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, சோறு தின்றபின் படியுங்கள்.

தவக்காலம் தொடங்கிய வாரம் குப்பத்தில் பெரிய ரகளை. பெரிய வலை போட வீட்டுக்கு ஒரு நாள் முறை உண்டல்லவா? அன்று மண்ணாங்கட்டியின் முறை. அவருடைய தாயார் இறந்து மூன்றாம் நாள், வீட்டைவிட்டு வரவில்லை. மீன் கூட்டம் கரையோரம் கறுத்து நின்றது. உங்கள் அண்ணன் பொறுக்காமல் தம் வலையை இறக்கிவிட்டார். மறுநாள் மண்ணாங்கட்டி வந்து, காயப்போட்டிருந்த அந்த வலையை அறுத்துப் போட்டார். அப்புறமென்ன, மாதா கோயில் பக்கம் ஒரு கூட்டம், அம்மன் கோயில் பக்கம் ஒரு கூட்டம், எல்லார் கையிலும் துடுப்பு.

மண்ணாங்கட்டியின் மனைவி கங்கம்மாவும் நானும் ஒன்றாகக் கூடை தூக்கி ராயப்பேட்டைக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கத்துப் பெண்களையும் பேசி, கூடைகளைக் கவிழ்த்துவிட்டோம். சண்டை தீரும்வரை எவர் மீனையும் விற்க மாட்டோம் என்றோம். இரண்டே நாள், மீன் நாறியது. ஆண்கள் இறங்கி வந்து ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

அங்கே நான் எழுந்து ஒரு நிபந்தனை போட்டேன். தன் நியாயத்தை எவரும் முதலில் பேசக்கூடாது. எதிராளியின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். எதிராளி ‘ஆமாம், அப்படித்தான்’ என்ற பிறகே தன் பேச்சு.

சிரித்தார்கள். உங்கள் அண்ணன்தான் முதலில் எழுந்தார்.

"ஆத்தாவப் பறிகுடுத்துட்டுக் குந்திகினு இருந்தான். நான் ஒரு வார்த்த கேக்காம வலைய வுட்டேன். மீனு போச்சேன்னு இல்ல, எழவு வூட்டக்கூட மதிக்கலியேன்னுதான் அவனுக்கு எரிஞ்சிது" என்றார்.

மண்ணாங்கட்டி குனிந்தபடியே ஆமாம் என்றார். பிறகு அவர், குப்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்றுதான் மரியசெல்வம் வலையை இறக்கினான், அவன் ஒரு வருஷம் பின்னியதை நான் ஒரு நிமிஷத்தில் அறுத்தேன் என்றார். அதற்குமேல் தங்கள் பக்கம் பேச இருவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. இப்போது அந்த வலையை இருவரும் சேர்ந்துதான் பின்னுகிறார்கள். இனிமேல் சாவு வீட்டுக்காரர் வந்து சேரும்வரை அவர் முறை காத்திருக்கும் என்று ஊர்க்கட்டு போட்டாகிவிட்டது. அருளம்மாள் கட்டு என்றே பேர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, சிரிக்காதீர்கள்.

அன்று மாலை உங்கள் அண்ணன் நம் வாசலுக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"அப்பன் கட்டுமரத்த என் தம்பி வேதநாயகத்தக் கேக்காம வித்தேன், அருளு. அவனுக்கும் அது அப்பன் மரந்தான். அப்டியே எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். ஆமாம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நிபந்தனை உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த மழைக்காலத்தில் உங்கள் தாயார் கிடந்த கிடப்பு உங்களுக்குத் தெரியும். வைத்தியரை அழைக்கத்தான் அண்ணன் மரத்தை விற்றாரா என்று கேட்காமல், ஊர் நடுவே அவரைத் திருடன் என்றுவிட்டுக் கப்பல் ஏறினீர்கள்.

அண்ணன் நியாயத்தை உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள், நான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவர் ஆமாம் என்பார். பாப்பா இன்னும் உங்கள் முகம் பார்த்ததில்லை. மாதா உங்கள் பேனாவுக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை அழைக்கத் துறைமுகத்துக்கு வரக் காத்திருக்கும்
அருளம்மாள்