துவைக்காத சட்டை

அன்புத் தங்கை ஜசிரேனிக்கு,

அக்கா எதிவால்டா ஆசீரோடு எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், வீட்டில் இருப்பதும் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் ஒசிமாரும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத அனீசியோக் குட்டியும் நலமாக இருக்க நாசரேத்து மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை அசாயிப் பழக்கூடை ஏற்றுகிற படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்தப் பாம்பு வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் என் பிள்ளையை அங்க தூக்கிட்டு வரமாட்டேன், நீயே முடிவு பண்ணிக்கோ" என்று எழுதியிருக்கிறாய். பெலெம் பட்டணத்துத் தண்ணீர் குடித்துப் பெரிய சீமாட்டி ஆகிவிட்டாய் போலிருக்கிறது. அப்பா வீட்டுக் கூரைக் கட்டையில் பாம்பு கிடக்க, அதற்குக் கீழே தொட்டிலில் தூங்கி வளர்ந்தவள்தானே நீ. இருந்தாலும் பெற்றவள் பயம் பெற்றவளுக்கு. பிள்ளை பெறாத நான் அதைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் ஒன்று. ஞானஸ்நானம் நம் ஊர்க் கோயிலில், தங்குவது இந்த வீட்டில், ஞானத்தாயாகப் பிள்ளையை ஏந்துவது நான் என்று நீ கொடுத்த வாக்கை நான் விடுவதாக இல்லை. பாம்பைச் சாதுவாக்கிவிட்டால் நீ வருவாய் என்றுதான் இத்தனை பாடு படுகிறேன். அவனை ஒருமுறை மடியில் வாங்கிவிட வேண்டும். இந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

உன் அத்தான் இருந்தவரை எலிப்பொறி வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் கண்ணை மூடியதும் எலிகள் மரவள்ளி மாவு மூட்டையில் குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டன. எதிர்க்கரை சுல்மீரா தன் மருமகனிடம் சொல்லி, எலி தின்ன இந்த ஜிபோயா மலைப்பாம்பைப் பிடித்துத் தந்தாள். நீளம் என் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. தடிமன் என் கை அளவு. ஆனால் அப்படி ஒரு கூச்சம். பெட்டிக்குள் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு சீறும், கொத்தும். என் மணிக்கட்டில் வரிசையாகப் பல் தடம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

சுல்மீரா சும்மா விடுவாளா? "இறால் நாத்தத்தோட கைய நீட்டினா அது உன்னைச் சாப்பாடுன்னுதான்டி நினைக்கும். எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவிட்டுப் போ. மேலேருந்து பிடிக்காதே, பருந்துன்னு பயந்துக்கும். பக்கத்துலேருந்து வயித்துக்கு அடியில கை குடு. எலி தின்னிருந்தா தொடாதே. கண்ணு பாலாட்டம் வெளுத்தா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்பவும் விட்டுடு" என்று பாடம் நடத்தினாள். எல்லாம் செய்தேன். தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம் கையில் எடுப்பேன், திரும்ப விட்டுவிடுவேன். ம்ஹூம், மசியவில்லை. கடைசியில், "ஆள் வாசம் பழகணும். உடுத்தின துணி ஒண்ணை அதோட பெட்டியில போட்டு வை" என்றாள்.

நாளெல்லாம் இறாலோடு கிடக்கிற என் துணியில் எதில் இறால் வாசம் இல்லை, சொல்? வீட்டில் வேறு வாசம் உள்ள துணி ஒன்றே ஒன்றுதான். காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் கடைசியாகப் போட்டிருந்த நீலச் சட்டை. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் செத்தவர் துணியை நீர் வற்றி இறங்கும் நேரத்தில் ஆற்றில் அலச வேண்டும், வாசம் தண்ணீரோடு போய்விட வேண்டும் என்பது நம் வழக்கம். மற்றதையெல்லாம் அலசினேன். அந்தச் சட்டையை மட்டும் அலசக் கை வரவில்லை. அதைத்தான் பெட்டியில் விரித்தேன்.

விஷயம் தெரிந்ததும் சுல்மீரா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆத்தோட அனுப்ப வேண்டிய வாசத்தை ஒரு உசிருக்குப் போர்த்தி விட்டிருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா" என்று கேட்டுவிட்டு, ஊற்றிய காப்பியைக்கூடக் குடிக்காமல் படகில் ஏறிவிட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஏனென்றால் பாம்பு பழகிவிட்டது, ஜசிரேனி. சீற்றம் இல்லை, கொத்தல் இல்லை. கை கொடுத்தால் தானாக ஏறி வந்து இடது தோளில் தலையை வைத்துக்கொள்கிறது. காப்பி கொதிக்கும் நேரத்துக்குப் பெட்டியை விட்டு வந்து, தூண் வழியாக ஏறி, உன் அத்தானின் ஊஞ்சல் படுக்கையில் படுக்கிறது. நான் இறால் வறுக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறது. அவருக்கும் அந்தப் புகை ஆகாது, உனக்குத் தெரியும். பெலெம் படகின் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்க்கிறது. எல்லாப் படகுக்கும் இல்லை, பெலெம் படகுக்கு மட்டும்.

அவரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அந்தப் பயலை ஒருதரம் இறுக்கிக் கட்டிப்பிடிச்சுட்டா போதும் எதி, அப்புறம் என்னை அனுப்பிடு" என்பார். நீ அப்போதுதான் பெற்றெடுத்துப் படுத்திருந்தாய். வர முடியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இவ்வளவையும் உனக்குச் சந்தோஷமாகத்தான் எழுதி வைத்தேன். இனி தைரியமாக வா என்று முடிக்க இருந்தேன்.

இது ஞாயிற்றுக்கிழமை எழுதுவது. படகு வருவதற்கு முன் எழுதியாக வேண்டும்.

நேற்று உன் பொட்டலம் வந்தது. அனீசியோவின் போட்டோக் கண்ணாடி உடையாமல் இருக்க அவன் பனியனைச் சுற்றி அனுப்பியிருந்தாய். துவைக்காத பனியன். பால் புளித்த வாசம். அதில் முகத்தைப் புதைத்து அழுதேன். அப்போது படுக்கையிலிருந்து அது இறங்கி வந்தது. பனியன் மேல் நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்தது, அவ்வளவு நேரம் அது எதையும் முகர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு அதைச் சுற்றிக்கொண்டது. நான் இழுத்தேன், கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தைத்த சின்ன ஊஞ்சலில் இலவம்பஞ்சுத் தலையணை போட்டு வைத்திருந்தேன். இன்று காலை பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், அது பனியனோடு அந்த ஊஞ்சலில் கிடந்தது. தலையணையைச் சுற்றி இறுக்கியிருந்தது. தையல் விட்டுப் பஞ்சு தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. தலையை மட்டும் பூப்போல மேலே சாய்த்திருந்தது. முத்தம் கொடுக்கும்போது உன் அத்தான் அப்படித்தான் கன்னத்தைச் சாய்ப்பார்.

கோபம் எதுவும் இல்லை அதில். கட்டிப்பிடிக்க வேண்டும் என்ற ஆசை அப்படியே இருக்கிறது. கை மட்டும் இல்லை.

நான் சொல்லி அனுப்பியதும் சுல்மீராவின் மருமகன் கோணிப்பையோடு வந்தான். "அக்கரைக் காட்டுல விட்டுடறேன் அக்கா, பிள்ளை வரட்டும்" என்றான். நியாயமான பேச்சுதான். நானே பையின் வாயைப் பிடித்தேன். அது என் இடது தோளில் தலையை வைத்தது. அவர் கை வைக்கும்போது இருக்கும் அதே கனம். அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அக்காவுக்குப் பைத்தியம் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். ஒரு தடவை அவரைப் புதைத்தாயிற்று. இன்னொரு தடவை கோணியில் கட்ட என்னால் ஆகாது.

அதனால் இங்கே வராதே. ஞானஸ்நானத்தை பெலெமிலேயே வைத்துக்கொள். ஒசிமாரின் தங்கை ஞானத்தாயாக நிற்கட்டும், நல்ல பெண். நான் வருவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஆனால் பிள்ளையை என்னிடம் கொடுக்காதே. "ஒரு தடவை தூக்கேன்க்கா" என்று நீ கெஞ்சினாலும் நான் கையை மடக்கிக்கொண்டுதான் நிற்பேன். மனசு நோகாதே. அவன் வாசம் என் ரவிக்கையில் ஒட்டும். அந்த ரவிக்கையோடு நான் திரும்பி வர வேண்டியது இந்த வீட்டுக்கு. இவர் படுக்கையில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசம் பிடித்துவிட்டால் ஆறெல்லாம் இவருக்குத் தூரமே இல்லை.

இனி துணி எதுவும் அனுப்பாதே. அந்தப் பனியனை ஆற்றில் அலசிவிடலாம் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் துணியை வற்றுகிற தண்ணீரில் விடுவது எப்படி? அது இவரிடமே இருக்கிறது.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். என் பங்குக்கும் உன் அத்தான் பங்குக்கும் சேர்த்து அனீசியோவை நீயே கட்டிக்கொள். மெதுவாகக் கட்டிக்கொள்.

உன் அக்கா,
எதிவால்டா