நாற்பத்தொன்பதாவது இடம்

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள் எழுதிய ப்ரோகிராம் இன்று முதல் ஓர் ஆஸ்பத்திரியில் ஓடுகிறது. இதை இங்கே எழுதிக்கொள்ளாமல் வேறு எங்கே எழுத?

மகளிடம் சொன்னேன். "ரத்தம் எடுக்கிற டியூப்ல ஒட்டுற ஸ்டிக்கர் அடிக்கிற பெட்டிதானேம்மா?" என்றாள். ஆமாம்டி, அதேதான். நோயாளி பெயர், வார்டு, என்ன பரிசோதனை, மூன்றையும் ஒன்றன் வாலில் ஒன்றாக ஒட்டி ஒரே வரியாக்க வேண்டும். நான் ப்ரோகிராம் எழுதும் சி மொழிக்கு இந்த விஷயத்தில் ஈவிரக்கமே கிடையாது. சேர் என்றால் சேர்த்துவிடும், இடம் இருக்கிறதா என்று கேட்காது. அந்த வரிக்கு நினைவகத்தில் நாற்பத்தெட்டு இடம், எழுத்துக்கு ஒன்று. அதை ஒட்டினாற்போல் டியூப் எண் இருக்கிறது. அதனால் நாற்பத்தெட்டைத் தாண்டினால் நாற்பதாக வெட்டு என்று ஒரு காவல் போட்டிருக்கிறேன். எங்கள் குழுத் தலைவரே பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார்.

ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இன்னும் நான்கு வாரம். வேலையை நிரந்தரமாக்கித்தான் ஆகவேண்டும் அவர்.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து புகார். சில ஸ்டிக்கர்களில் டியூப் எண்ணே இல்லையாம். யாரும் கேட்பதற்கு முன்பே "பிரிண்டர்தான்" என்றேன். என் ப்ரோகிராம்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எங்கள் ஆபீஸிலிருந்து பிரிண்டர் மெக்கானிக்கை அனுப்பினார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

மெக்கானிக் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "அச்சடிக்கிற பாகத்தையே மாத்திட்டேங்க்கா, அப்பவும் சிலதுல எண் வரல. இனி மாத்தணும்னா ஆஸ்பத்திரியத்தான் மாத்தணும்." எல்லோர் முன்னாலும் தலைவர் அவரைத் திட்டித் தீர்த்தார்.

மதியம் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்து அம்மா போனில் பிடித்துக்கொண்டார். எண் இல்லாத டியூப்பை எறிந்துவிட்டு, ஒரு கைக்குழந்தைக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியதாகிவிட்டதாம். "வெள்ளிக்கிழமை வந்து உங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுங்க."

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 11, புதன்

எண் விட்டுப்போன ஸ்டிக்கர்களின் படங்களைக் கேட்டு வாங்கினேன். மொத்தம் ஏழு. இடைவெளியையும் சேர்த்து, பென்சில் முனையால் ஒவ்வொரு எழுத்தாக எண்ணினேன். நாற்பத்தெட்டு. அடுத்தது, நாற்பத்தெட்டு. ஏழும் நாற்பத்தெட்டு.

எந்த வரியின் கடைசியிலும் 'முடிந்தது' என்று காட்ட சி ஒரு பூஜ்யம் வைக்கும். கண்ணுக்குத் தெரியாத அதற்கும் ஓர் இடம் வேண்டும். நாற்பத்தெட்டு எழுத்துக்கு நாற்பத்தொன்பது இடம். அந்த நாற்பத்தொன்பதாவது, டியூப் எண்ணின் முதல் இடம்! பூஜ்யம் அங்கே போய் உட்கார்ந்ததும், எண் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. நாற்பத்தேழு வந்தால் பிழைத்தேன், நாற்பத்தொன்பது வந்தால் வெட்டிவிடுவேன். சரியாக நாற்பத்தெட்டை மட்டும் வாசலில் நின்று வரவேற்றிருக்கிறேன்.

சோதித்தபோது ஏன் சிக்கவில்லை? நாங்கள் எல்லோருமே அவசரத்துக்கு மூன்றெழுத்துப் பெயர் ஒன்றைத் தட்டுவோம். இல்லையென்றால் கீபோர்டில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருப்போம். விளிம்பில் நிற்கும் பெயரை ஒருத்தரும் எண்ணித் தட்டவில்லை.

அது சரி, பிரிண்டர்தான்னு முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னது யாரு? நான்தானே. அந்த மனுஷன் பாவம்.

மார்ச் 12, வியாழன்

தலைவரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "சரி பண்ணிடுங்க. வெளிய பிரிண்டர்னே இருக்கட்டும். இந்த நேரத்துல உங்க பேரு அடிபட வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கா? வேலை போனா போகட்டும் — திட்டு வாங்கினது நானா?

"ஆஸ்பத்திரிக்கு நானே போய்ச் சொல்லிட்டு வரேன் சார்" என்றேன். மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப என்னைத் திட்டினதைத் திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

மார்ச் 13, வெள்ளி

நாற்பத்தெட்டையும் வெட்டும்படி காவலைத் திருத்திக்கொண்டு போய், ஆய்வகத்து அம்மாவின் எதிரிலேயே, ஓரெழுத்து வரியிலிருந்து இருநூறு எழுத்து வரி வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் அடித்துக் காட்டினேன். இருநூறிலும் எண் இருந்தது. பிறகு தப்பு யாருடையது என்றும் சொன்னேன்.

"அந்தக் குழந்தை அழுதது இன்னும் என் காதுல நிக்குது, அதைச் சொல்லிடுறேன்" என்றார். அவர் ஸ்டிக்கர் சுருளை மடித்து மேசையில் வைத்தார். "என் தப்புன்னு சொல்லிட்டு வந்து நின்ன ஆளை நான் பார்த்ததே இல்ல. பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

வீடு வரை நடந்தே வந்தேன். வெட்கமும் இருந்தது. ஆனால் பெருமைதான் அதிகம், பொய் சொல்வானேன்.

மார்ச் 20, வெள்ளி

தலைவர் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மார்ச் 30, திங்கள்

ஆறு மாதம் இன்றோடு முடிந்தது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் எதுவும் வரவில்லை. காலையில் தலைவரிடமிருந்து வந்தது பழைய பெட்டிகளின் ப்ரோகிராம் மட்டும்: 'வரிகளை எங்கெல்லாம் சேர்த்திருக்கிறோமோ பார்த்துச் சொல்லவும்.' பதினேழு இடம். மூன்றில் என்னுடைய அதே தப்பு. மூன்றும் தலைவர் கைப்பட எழுதியவை!

நேராக அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை வருஷமா ஓடுது இது..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கேட்டே விடலாம் என்று, "என் ஆறு மாசம் இன்னைக்கு முடியுது சார்" என்றேன்.

"முடிஞ்சா என்ன? நீங்க போயிட்டா இதையெல்லாம் யாரு சரி பண்றது?"

எழுந்து எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கீபோர்டை என் பக்கம் நகர்த்தினேன்.