ரௌஷனின் முதல் மொட்டை

கோட்டூர்புரம்,
சென்னை.

அன்பு மகள் தாரணிக்கு அப்பா பொன்ராஜ் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் அஸ்வத்தும் அந்த டொராண்டோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க சாஸ்தா துணையிருக்கட்டும். அதென்ன உடம்பளவில் என்று கேட்பாய். அம்மா ஏன் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் ஏன் ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாள் என்று நீ என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறாய், நானும் சிக்னல் சரியில்லை, தலைவலி என்று ஏதேதோ அளந்துவிட்டேன். வீடியோவில் சொல்ல எனக்குத் துணிவில்லை அம்மாடி, உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உட்கார்ந்து படி.

நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் அம்மா நடத்தும் பாலர் பள்ளிக்கு எதிரே அடுக்குமாடி எழும்புகிறது என்று சொல்லியிருந்தேனே, அங்கே வேலை செய்யும் பீகார்க்காரன் ராம்பிரவேஷ் தன் மகன் ரௌஷனை ஆனி மாதத்தில் நம்மிடம் கொண்டுவந்து விட்டான். மூன்று வயதுப் பையன், பெரிய கண், தோள்வரைக்கும் சடைபிடித்த முடி. அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, மெஹபூப் அலி டெய்லரின் மகளும் நேபாளத்து வாட்ச்மேன் மகனும் ஏற்கெனவே அங்கேதான் விளையாடுகிறார்கள், யார் பிள்ளையானாலும் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூட்டிக்கொள்வாள். ரௌஷனுக்கு ஒரு பைசா வாங்கவில்லை. கல்கண்டு கொடுத்துத்தான் உள்ளே அழைத்தாள். இட்லியைப் பார்த்து அழுதவனுக்கு ரெண்டு நாள் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், மூன்றாம் வாரத்தில் அவன் இவள் பெயரைச் சுருக்கி "பேச்சிம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ராம்பிரவேஷ் தினமும் காலையில் பையனை விட்டுவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பான். ஏதாவது பேச நினைத்தானோ என்னவோ. நாங்கள் சிரித்துக் கையை ஆட்டி அனுப்பிவிடுவோம், இந்திக்காரனிடம் என்ன பேசுவது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு, அவன் இங்கே வேலை பார்த்துத் தமிழ் நன்றாகவே பழகியிருந்தான் என்பது அப்போது தெரியாது.

பிரச்சினை பேனில் தொடங்கியது. பணம் கட்டும் பெற்றோர் சிலர் அந்தப் பையன் தலையிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுகிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். அம்மா, பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்க்கலாம் என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பினாள், ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் உறுத்தல், பெற்றவள் வேலைக்குப் போகிறாள், பாவம், தலையைக் கவனிக்க ஆளில்லை என்றுதான் நினைத்தாள். ஆயா வேலம்மா ஒருநாள், "இன்னாக்கா இப்டி யோசிச்சிக்கினு கீறே, மொட்டை அட்ச்சி உட்டா கொயந்தே ஜில்லுனு தூங்கும்" என்றாள். சரியென்று தோன்றியது. சலூன் வைத்திருக்கும் அவள் தம்பியே வந்தான், பையன் அழவேயில்லை, சந்தனம் கரைத்து நான்தான் தலையில் தடவினேன். கண்ணாடியில் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தான். சாயங்காலம் ராம்பிரவேஷ் வந்தான், பார்த்தான், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பையன் தலையை மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நன்றி கூடச் சொல்லவில்லையே என்று நான் முணுமுணுத்தேன், கேட்டுக்கொள்.

மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் என்று மேஸ்திரி சொல்லி அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை, சுற்றிலும் தேங்கிய தண்ணீர், கொசு. பையன் சுருண்டு கிடந்தான், கையில் சிவப்புப் புள்ளிகள். டெங்குதான், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஆட்டோவை நிறுத்திவைத்திருக்கிறேன் என்று அம்மா கெஞ்சினாள். பெற்றவள் சுனைனா அவளைப் பையன் மேல் கைவைக்க விடவில்லை, ஏதோ கத்திக்கொண்டே தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். அப்போதுதான் ராம்பிரவேஷ் வெளியே வந்து எங்களிடம் தமிழில் பேசினான். ரௌஷனுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லையாம். இவன் தங்கினால் முதல் முடியை ஊரில் தேவி கோயிலில்தான் இறக்குவோம், அதுவரை கத்தி படாது என்று நேர்ந்துகொண்டார்களாம், தீபாவளி கழிந்து வரும் அவர்கள் ஊர்ச் சத் பண்டிகைக்குப் போகும்போது செய்வதாக இருந்தார்களாம். முடி போனதால்தான் காய்ச்சல், தேவி காலில் விழுந்தால்தான் இறங்கும் என்று அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள்.

நீயே சொல் தாரணி. நம் வீட்டில் இல்லாத வழக்கமா இது? உனக்கு முதல் மொட்டை சாஸ்தா கோயிலில் உன் மாமன் மடியில் வைத்துத்தானே போட்டோம், லீவு கிடைக்கவில்லை என்று அஸ்வத்துக்கு நீ இன்னும் முடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித்தானே வைத்திருக்கிறாய்? அதே நேர்ச்சை அவர்களுக்கும் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அவன் தலையில் அழுக்கைத்தான் பார்த்தோம். முடி எடுத்ததால் காய்ச்சல் வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் மேல் இருந்த நம்பிக்கை போகாமல் இருந்திருந்தால் அவர்கள் அன்றைக்கு ஆட்டோவில் ஏறியிருப்பார்கள்.

பையன் ஊர் போய்ச் சேரவில்லை அம்மாடி. வழியிலேயே போய்விட்டான்.

போன வாரம் ராம்பிரவேஷ் மட்டும் வேலைக்குத் திரும்பினான், சுனைனா இனி இந்த ஊருக்கு வரமாட்டாளாம். அம்மா பள்ளியைப் பூட்டிவிட்டாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலம்மா வந்து அழுதுவிட்டுப் போகிறாள். ராம்பிரவேஷைப் பார்த்தே தீருவேன் என்று அம்மா நின்றதால் கூட்டிக்கொண்டு போனேன். அவன் எதிரில் போய் இவள் கையைக் கூப்பினாள். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குரலை உயர்த்தாமல் சொன்னான், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம். டெய்லி உங்க வாசல்லதானே நின்னேன்." சொல்லிவிட்டுச் சிமெண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டான்.

அங்கே அஸ்வத்தின் பள்ளியில் டீச்சர்கள் தங்கமானவர்கள், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நீ பெருமையாகச் சொல்வாய். நாங்களும் தங்கமானவர்கள்தான் தாரணி, நன்றாகத்தான் சிரித்தோம். அதனால் சொல்கிறேன், இங்கிலீஷ் தடுமாறுகிறது, கூச்சமாக இருக்கிறது என்று அஸ்வத்தை விட்டதும் தேங்க்யூ சொல்லி ஓடிவராதே. அவன் என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், அவனுக்கு என்ன நேர்ந்திருக்கிறோம், எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல். அம்மாவுக்குத் தினமும் போன் போடு, அவள் பேசாவிட்டாலும் பிள்ளையைப் பேசவிடு. ரௌஷன் பெயரை மட்டும் எடுக்காதே.

நீங்கள் மூவரும் நூறாண்டு நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த மறுநாள் காலை பள்ளி வாசலில் டீச்சர்கள் கேட்கட்டும் என்று நிற்காதே. கேட்கமாட்டார்கள். நீயே சொல்லிவிடு.

உன் அப்பா,
பொன்ராஜ்